மூன்றாவது மாத்திரை

"ஒரு வேளைகூடத் தவறல, டாக்டர். இவரே கையில எடுத்துக் கொடுத்து, நான் முழுங்குற வரைக்கும் பக்கத்திலேயே நிப்பார்," என்றாள் மனைவி.

மடியில் இரண்டு மாதக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. கணவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ரத்த அழுத்தம், தைராய்டு ரெண்டும் கட்டுக்குள்ள வந்தாச்சு. மனச்சோர்வு மட்டும் ஏன் குறையல?" டாக்டருக்குப் பிடிபடவில்லை.

"சும்மா சும்மா அழுகை வருது, டாக்டர். பிள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு."

"சரி, அந்த மாத்திரையோட அளவைக் கூட்டிடறேன்."

"டாக்டர்," கணவன் குறுக்கிட்டான். "பால் கொடுக்கிறவ. மூணு மருந்தும் சேர்ந்து குழந்தைக்கு ஏதாவது..."

"மூணையும் பார்த்துதானே எழுதினேன்? பால்ல கலக்கிறது ரொம்பக் கொஞ்சம். இவங்க தாராளமா பால் கொடுக்கலாம். இந்தச் சந்தேகத்தை முதல் நாளே வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே!"

டாக்டர் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"அளவைக் கூட்டாதீங்க, டாக்டர்." கணவன் அவசரமாகத் தடுத்தான். "அவ அந்த மாத்திரையைச் சாப்பிடவே இல்ல. பிள்ளைக்கு ஆகாதோன்னு பயந்து, அதே நிறத்துல சத்து மாத்திரை வாங்கி நான்தான் மாத்திக் கொடுத்தேன். நாப்பது நாளா."

பேனா நின்றது. கூனிக்குறுகி இருந்தவனை மனைவி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"மருந்துக்கே அடங்காத பைத்தியம் நான்னு நினைச்சு, தினம் தினம் செத்துக்கிட்டு இருந்தேனே," என்றாள்.