பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறவர்

ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஷெல்கள் இருந்தன. தட்டுகிற கட்டளையைப் படித்துச் செய்ய வேண்டும், வேலை அவ்வளவுதான். மூத்தவர் பாஷ் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவார். பிறகு வந்த ஸீஷ் ஒன்றிலிருந்து எண்ணுவான். பாஷை யாரும் கூப்பிட்டு வருஷக் கணக்காகிறது.

ஒருநாள் ஒரு பழைய கட்டளைத்தாள் ஸீஷ் கையில் வந்தது. அதில் ஒரு பட்டியல்: முதலில் குழந்தையின் படங்கள், அடுத்தது குப்பை. கீழே, ‘ஒன்றாம் எண்ணை அழி.’

ஸீஷ் படங்களில் கை வைத்தான்.

“நில்லுப்பா,” என்றது தாள். “என்னை எழுதினது பாஷுக்கு. அவர் எண்ணினா ஒன்றாம் எண் குப்பை. என் முதல் வரியைப் படிச்சியா?”

படித்தான். ‘பாஷிடம் கொடுக்கவும்’ என்றிருந்தது. படங்களிலிருந்து கையை எடுத்தான்.

பாஷ் முடங்கிக் கிடந்த மூலைக்குப் போனான். “அண்ணே, உங்களுக்கு வேலை வந்திருக்கு.”

“எனக்கென்ன வேலை? நீதான் பெரிய கெட்டிக்காரனாச்சே, நீயே செய்.”

“உங்களை மாதிரி எண்ண எனக்கு வராதுண்ணே.”

பாஷ் எழுந்து வந்தார். படங்கள் பூஜ்ஜியம், குப்பை ஒன்று என்று நிதானமாக எண்ணினார். குப்பை போயிற்று. படங்கள் பிழைத்தன.



“இது மாதிரி இன்னொண்ணு வந்தாலும் கொண்டா,” என்றார் பாஷ், முகத்தைத் திருப்பிக்கொண்டு.