அக்காளின் தொப்பி

நாட்டின் முதல் பெண் விமானி இந்துமதி, ஒற்றை ஆளாய்க் கடலைத் தாண்டக் கிளம்பினாள், போனவள் போனவள்தான். ஆண்டுதோறும் அவள் கிளம்பிய அந்த நாள் வந்துவிட்டால் போதும், அச்சு அசலாக அவளைப்போலவே இருக்கும் தங்கை கோமளாவை அழைத்துவந்து, அக்காளின் தோல் தொப்பியை மாட்டி, மைதானத்தில் நிற்கும் பழைய விமானத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். கோமளாவுக்கு ஏணியில் ஏறினாலே தலை சுற்றும்.

“தேடுறத ஏன் சார் நிறுத்துனீங்க?” இந்த முறையும் கேட்டாள்.

“அதான் நீங்க இருக்கீங்களேம்மா,” என்று சிரித்தபடி விழாத் தலைவர் இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடிக் கூண்டை மூடினார்.

கீழே கூட்டம் அக்காள் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. கோமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் அவ இல்லய்யா! போய்த் தேடுங்கய்யா!” என்று கத்திக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள்.

மைதானமே பதிலுக்குக் கையசைத்தது.