மூன்றாம் பக்கத்துப் பையன்

"அந்த மனுஷர் யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டபடியே உள்ளே வந்து உட்கார்ந்தார் பத்திரிகை ஆசிரியர் கிளைவ்.

"இல்ல சார், ராச்டேல் ஊர் முழுக்கத் தேடுது," என்றாள் நிருபர் டோனா.

நேற்று, உறைந்த கால்வாயில் பனி உடைந்து விழுந்த சிறுமியைக் கரைசேர்த்தவர், பத்திரிகையின் போட்டோக்காரர் வந்ததும் ஓடிவிட்டார். முதல் பக்கத்தில் கம்பளிக்குள் சிறுமி, ஒரு கையில் மட்டும் சிவப்புக் கையுறை. மேலே கொட்டை எழுத்தில், 'யார் இந்த மாமனிதர்?'

வாசலில் ஒரு பெண் அதே இதழின் மூன்றாம் பக்கத்தை விரித்துக்கொண்டு நின்றாள். அதில் ஹூடிச் சட்டையின் தலைமூடியை முகம்வரை இழுத்துவிட்ட பையன். கீழே, 'ஊரை மிரட்டும் விடலைகள்'.

"இது என் மகன் கீரன். மழையில பஸ்ஸுக்கு நின்னப்ப எடுத்தீங்க. ஊர்ல எங்கயாவது ஜன்னல் கண்ணாடி உடைஞ்சாலும் இவன் படத்தையே போடுறீங்களே, நியாயமா?"

"முகமே தெரியலியேம்மா!" கிளைவ் சிரித்தார். "இப்படி மூடிக்கிட்டு நின்னா ஊர் பயப்படத்தானே செய்யும்?"

"அவனுக்கும் பயம்தான் சார், உங்க கேமராவைப் பார்த்தா. அதான் நேத்து ஓடி வந்துட்டான்."

"நேத்தா?"

அவள் கைப்பையைத் திறந்து, சேறு காயாத ஒரு சின்னஞ்சிறு சிவப்புக் கையுறையை மேஜைமேல் வைத்தாள்.

டோனாவின் பேனா நின்றுவிட்டது. கிளைவ் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"அவனுக்கு... என்ன வயசும்மா?"

"பதிமூணு. நீச்சல்கூடத் தெரியாது, சார்."