சத்தம் போடாத புடவை

புத்த விகாரையின் பத்து நாள் மௌன தியானத்துக்கு வருபவர்கள், பக்கத்தில் இருப்பவரின் தியானம் கலையாதபடி சத்தமில்லாத ஆடைகளையே உடுத்த வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. துணி எங்கே சத்தம் போடும் என்று மரகதத்துக்கு ஒரே குழப்பம். கணவர் தணிகாசலத்தைக் கூடத்தில் கண்ணை மூடி உட்காரவைத்தாள். வளையல்களைக் கழற்றிவிட்டு, புடவைகளை ஒவ்வொன்றாக உடுத்தி வந்து அவர் முன்னால் நடந்தாள்.

"சரசரங்குது," என்றார், கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்கு.

"இது?"

"உரசுது. எனக்கே கேக்குதே."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் இப்படிக் காதுகொடுத்ததே இல்லை. இனி தியானத்துக்குப் போகத்தான் வேண்டுமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கடைசியாக, துவைத்துத் துவைத்து நைந்துபோன வாயில் துணிப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவர் முன்னால் இரண்டு முறை நடந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறை அப்படியே வாசல்வரை போய்விட்டாள்.

"என்ன, இன்னுமா கட்டற?" என்று உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "சீக்கிரம் வந்து நட. காத்துக்கிட்டிருக்கேன்ல."

இதுதான் சரியான புடவை என்று திரும்பிப் போய்ச் சொல்வதா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவளுடைய ஒரு கால் தெருவில் இருந்தது.