கர்சூன்

அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. வவ்வால் மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தார். முள் தீர்ந்து வெகுநேரமாயிற்று.

எதிரே டோனல். பக்கத்தில் டோனலின் அப்பா. மகனுக்குப் பெண் கேட்டு அயர்லாந்திலிருந்து புதுச்சேரிக்கே வந்துவிட்ட மனுஷன். சோற்றைக் கையால் பிசைந்து, பாதியைச் சட்டைக்கும் ஊட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் அவள்தான். அவளுக்குப் பயமில்லை. கல்யாணப் புடவையைக்கூட எடுத்தாயிற்று. அப்பா வாயிலிருந்து ஒரு 'சரி' வரவேண்டும், அவ்வளவுதான். அதுதான் வருவேனா என்கிறது.

"வெள்ளக்காரனுக்கு நான் தட்டு தூக்குனது போதும். நீயும் போயி தூக்கணுமா?"

காலையில்கூட அதையேதான் சொன்னார்.

ஊர் அவரைச் 'சொல்தா', பட்டாளத்துக்காரர், என்று மரியாதையாகக் கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அவர் துப்பாக்கி தூக்கியதைவிட அதிகாரிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு தூக்கியதுதான் அதிகம். மீசை முளைக்காதவன்கூட விரலைச் சொடுக்குவான்.

"கர்சோன்!"

பையா. தலை நரைத்த பிறகும் பையா.

அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

திடீரென்று டோனலுக்குப் புரையேறியது. குழம்பின் காரம். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

கிழவர் பதறிப்போய் மகனின் முதுகைத் தடவினார். ஆங்கிலமெல்லாம் பறந்துவிட்டது. ஐரிஷ்தான் வந்தது.

"மோ கர்சூன்... மோ கர்சூன்..."

அப்பாவின் கை நின்றது.

ஐயோ, உலகத்தில் வேறு சொல்லா இல்லை!

அவளுக்கு அதன் கதை தெரியும். கல்லூரியில் சொற்களின் வரலாற்றைத்தானே படித்தாள். பிரான்சில் வேலைக்காரனைக் குறித்த சொல். நார்மன் பட்டாளத்தோடு கப்பலேறி அயர்லாந்து போய்ச் சேர்ந்தது. அந்நாட்டின் ஒரு கரையில் கர்சூன் என்றார்கள், இன்னொரு கரையில் கசூர் என்றார்கள். எப்படிச் சொன்னாலும் அங்கே அவன் வேலைக்காரன் இல்லை, வீட்டுப் பிள்ளை.

சொல்லிவிட வாயெடுத்தாள். வேண்டாம். அப்பாவுக்குக் காது இருக்கிறது.

அப்பா டோனலைப் பார்க்கவில்லை. அவன் முதுகைத் தடவும் அந்தக் காய்ப்பேறிய கையைப் பார்த்தார்.

"மவனையா அப்படிக் கூப்புடுறாரு?"

"ஆமாப்பா. எம் புள்ளைங்கிறாரு."

அம்மா தண்ணீரோடு ஓடி வந்தாள். அப்பா எழுந்து செம்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்.

டோனலின் உச்சந்தலையில் மெல்லத் தட்டினார்.

"மெதுவா குடி, கர்சூன்."