சதுக்கத்து விளக்குகள்

வானெஸ் தெருவிளக்கை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான்.

ஜனவரி மாலை சீக்கிரமே இருட்டிவிட்டது. வெளியூர்க்காரர்கள் எதிரே இருந்த கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கோட்டைப் பக்கம் திரும்பவே இல்லை.

பெல்ஜியத்தின் இந்தக் கென்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தால் அம்மாவோ அப்பாவோ ஒரு பொத்தானை அழுத்துவார்கள். பழைய ஊரின் இந்தச் சதுக்கத்தில் விளக்குகள் மெல்லப் பிரகாசமாகி, மெல்லத் தணியும்.

"பொண்டாட்டி ஆஸ்பத்திரியில, நீ இங்க! நானா இருந்தா உன்னை வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டேன் தம்பி" என்றாள், தள்ளுவண்டியில், உள்ளே பாகு வைத்த மூக்கு வடிவ மிட்டாய் விற்கும் கோதலீவ்.

"அவதான் துரத்திவிட்டா அக்கா. ஒருத்தர்தான் உள்ள இருக்கலாமாம். வராந்தாவுல நடந்து நடந்து என் உயிரை எடுக்காதே, போய் விளக்கடியில நில்லுன்னுட்டா."

மனைவி ஃபீன் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். நல்லபடியாக முடிந்தால்தான் அழுத்துவேன்.

அதை அவன் கோதலீவிடம் சொல்லவில்லை.

விளக்குகள் பிரகாசமாயின.

அவன் கைப்பேசியையே பார்த்தான். அது சும்மா கிடந்தது. வேறு யார் வீட்டுக் குழந்தையோ.

"நல்லா இருக்கட்டும்" என்று முணுமுணுத்தான்.

கோதலீவ் ஒரு மிட்டாயை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். வாயில் போடத் தோன்றவில்லை.

மறுபடியும் விளக்குகள். கைப்பேசி அதிர்ந்தது.

"பார்த்தியா?" ஃபீன் அழுதுகொண்டே கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொரு சின்னக் குரலும் அழுதது. அந்தக் குரலை அவன் முதல்முறையாகக் கேட்கிறான்.

கையிலிருந்த மிட்டாய் நசுங்கி, ஊதாப் பாகு விரலில் வழிந்தது.

"என்ன குழந்தை?" என்றாள் கோதலீவ்.

"பொண்ணு!" என்றான்.

யார் யாரோ கைதட்டினார்கள். கோதலீவ் உள்ளங்கையை நீட்டினாள்.

"பாதாம் எங்க?"

குழந்தை பிறந்து சர்க்கரை பூசிய பாதாம் தராத அப்பனை இந்த ஊர் சும்மா விடாது. கோட்டுப் பைக்குள்ளிருந்து கசங்கிப்போன ஒரு துணிமுடிப்பை எடுத்து அவிழ்த்தான்.

அவள் ஒன்றைக் கடித்து முகத்தைச் சுளித்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு! எந்தக் காலத்துச் சரக்கு இது? எவன் இதை உன் தலையில கட்டினான்?"

"யாரும் கட்டலை அக்கா. அக்டோபர்ல நானே வாங்கினது. அவ பிறந்த அன்னைக்கு."

கோதலீவ் மெல்வதை நிறுத்தினாள்.

"குறைமாசம். என் ஒரு கைக்குள்ள அடங்கிட்டா. பொத்தானை அழுத்த எங்க ரெண்டு பேருக்கும் தைரியம் வரலை. இன்னைக்குத்தான் தொண்டையிலேர்ந்து குழாயை எடுத்தாங்க. தானா மூச்சு விடறா."

விளக்குகள் தணிந்துகொண்டிருந்தன.

அவள் அந்தப் பாதாமைத் துப்பவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அது ஊறும்வரை அவன் பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.