முனீஸ்வரியின் முஷ்டி

திருநகர் முனீஸ்வரியின் முஷ்டிக்குப் பிறந்த குழந்தைகளுக்குக் கணக்கே கிடையாது. கோகுலாஷ்டமிக்கு வாசலில் மாவால் வைப்பதுபோல, முஷ்டியைச் சாயத்தில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தி, விரல்நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் குழந்தைப் பாதம் தயார். வாங்கிப் போகிறவர்கள் அந்தத் தாளை ஆல்பத்தில் வைத்து, மேலே விட்ட இடத்தில் பிள்ளையின் போட்டோவை ஒட்டுவார்கள்.

“நான் வச்சா யானைக்குட்டிக்குத்தான் ஆகும்” என்று புருஷன் அழகுபாண்டி தன் முரட்டுக் கையைக் காட்டிச் சிரிப்பான்.

மேலூர் திவ்யா வருஷம் தவறாமல் வந்துவிடுவாள். மகன் பிறந்தநாளுக்கு ஒரு தாள்.

“போன வருஷத்தவிடக் கொஞ்சம் பெருசாக்கா. போட்டோவுக்கு இடம் விட வேணாம்.”

இந்த வருஷம் ஒரு தாளில் அழுத்திக் காட்டிவிட்டு முனீஸ்வரி கையை விரித்துவிட்டாள்.

“என் முஷ்டி இம்புட்டுத்தான் தாயி. பிள்ளையவே கூட்டியா, நெசப் பாதத்தையே பதிச்சிருவோம்.”

திவ்யா ஈரம் காயாத தாளையே பார்த்தாள்.

“அவன் பிறந்த அன்னைக்கே போயிட்டான்க்கா. இங்கனதான் வளந்துக்கிட்டு இருந்தான். இனி வளர மாட்டானா?”

முனீஸ்வரி தட்டில் இன்னும் கொஞ்சம் சாயம் ஊற்றினாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, கையக் கழுவிட்டு வாங்க.”